தாழ்ப்பாளில் ஈரத் துண்டு

எழுப்பலாமா, வேண்டாமா. இதையே எத்தனை தடவைதான் ஒருத்தி தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். அம்சவேணி கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று ஸ்டூலை அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தணிகைவேல், அவள் புருஷன், தூங்குகிறான். தூங்கட்டும், பாவம். நேற்று ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போனவன் இன்று காலையிலேயே வந்திருக்க வேண்டும். மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை, நீயே நின்னுடுப்பா என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், இவனும் நின்றுவிட்டான். பகல் ஷிஃப்ட்டையும் முடித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. குளித்தான், நின்றபடியே அரைத் தோசை தின்றான், மீதியைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போய் விழுந்தான். இருட்டினதும் மறுபடி பஸ் வரும், மறுபடி ராத்திரி ஷிஃப்ட். நடுவில் இந்த ஒரு சாயங்காலம்தான். டாக்டரம்மா சொன்ன நாளும் இன்றைக்குத்தான். புதனும் வியாழனும் என்றுதான் சொன்னாள், ஆனால் நாளைக்கு அம்சவேணிக்குக் கடை இருக்கிறது, காலையில் போனால் ராத்திரிதான் திரும்புவாள், அதற்குள் அவன் பஸ் ஏறியிருப்பான். ஆக இன்றைக்கு. இந்தத் தூக்கத்துக்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவில். எழுப்பினால் ஒரு பிள்ளைக்கு வழி உண்டு, எழுப்பாவிட்டால் இந்த மாதமும் போயிற்று. அப்புறம் என்ன யோசனை, தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியதுதானே என்று வெளியில் இருக்கிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. நாலில் வைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், ஐந்தில் வைத்தால் அந்தச் சத்தம் வராது, ஆனால் காலண்டர் படபடக்கும். காலண்டரைக் கழற்றிவிடலாம் என்று ரொம்ப நாளாக நினைக்கிறாள், கழற்றவில்லை. இந்த வீட்டில் சத்தம் போடுகிற சாமான் எது, போடாத சாமான் எது என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். குக்கருக்குக் குண்டு போடுவதே கிடையாது, சோறு எப்போதும் வடிசோறுதான். மிக்ஸி அவன் கண்ணை மூடியிருக்கும்போது ஓடாது. பீரோக் கதவு இழுத்தால் முனகும், அதனால் மாற்றுப் புடவை முன்னாலேயே வெளியே வந்துவிடும். தெருவுக்கும் இதெல்லாம் தெரியும். வாலாஜாபாத்தில் ரயில் பாதையை ஒட்டிய இந்தச் சந்தில் லைன் வீடுகள், பாதி வீடுகளில் ஷிஃப்ட் ஆட்கள். எவன் எப்போது தூங்குவான், எவன் எப்போது முழித்திருப்பான் என்று யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. அதற்காக எதிர்வீட்டுப் பச்சையம்மா அக்கா எந்தக் காலத்திலோ ஒரு வழி பண்ணிவைத்தாள். வேலையிலிருந்து வந்தவன் குளித்துவிட்டுப் படுத்தால் அவன் துவட்டின ஈரத் துண்டைப் பிழிந்து வாசல் கதவுத் தாழ்ப்பாளில் போட்டுவிட வேண்டும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறான். அப்புறம் கீரைக்காரம்மா வாயைத் திறக்காமல் கூடையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவாள், சிலிண்டர்காரன் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு வருவான், பால்காரர் மணியை விரலால் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளுவார். துண்டு காய்கிறவரைக்கும் ஆளை எழுப்பக் கூடாது, அது பச்சையம்மா அக்காவின் சட்டம். துண்டு காஞ்சா மனுசனும் காஞ்சிருப்பான், அப்ப எழுப்பு, ஒண்ணும் சொல்ல மாட்டான் என்பாள். அக்காவுடைய வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மில்லில் இருந்தவர், அக்கா அவரைத் தூங்கவைத்தே தன் வயசைக் கழித்தவள். அவள் சட்டம் போட்டால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு வானம் மூடிக்கொண்டு கிடக்கிறது, துண்டு எப்போது காய்வது, இவள் எப்போது எழுப்புவது.

அந்த டாக்டரம்மா நல்லவள்தான். காஞ்சிபுரத்தில் மாடிமேல் ஆஸ்பத்திரி, ஏறும்போதே படியில் இரண்டு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், இவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். இத்தனை வருஷமாகப் பார்க்காத டெஸ்ட் எல்லாம் பார்த்து, அவனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அவனுக்கும் பார்த்து, கடைசியில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லம்மா, சேந்து இருங்க, அது போதும் என்றாள். அம்சவேணிக்கு யோசிக்கவே நேரமில்லாமல் வாயில் வந்துவிட்டது: எப்ப டாக்டர்? அந்த அம்மா முதலில் சிரித்தாள். இது தமாஷ் இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் என்ன வேலை, நீ என்ன வேலை என்று கேட்டாள். சொன்னாள். ஒரு வாரம் ராத்திரி, ஒரு வாரம் விடியக்காலை, ஒரு வாரம் மத்தியானம் என்று அவனுக்கு மாறிக்கொண்டே போகும் டாக்டர், லீவு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காஞ்சிபுரத்தில் புடவைக்கடை, கடை திறக்கும்போது போய் மூடும்போது வருவேன், லீவு புதன்கிழமை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். மருந்து எழுதுகிற கைக்கு எழுத ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. ஞாயித்துக்கிழமையில நீ லீவு கேட்டுப் பாரேன் என்றாள். கேட்டுப் பார்க்காமலா இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதானேம்மா வியாபாரமே, அன்னைக்கு உனக்கு லீவு குடுத்துட்டு நான் வந்து புடவை விரிக்கவா என்று ஃப்ளோர் மேனேஜர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் இவளும் ஏதாவது பேசியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு ஜோடி ஜோடியாகத்தான் வருவார்கள். பெண்டாட்டி புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்படி இருக்கு என்பாள். புருஷன் போனைப் பார்த்தபடி, நல்லாருக்கு என்பான். பாக்காமலே சொல்றீங்க என்பாள். பார்த்தேன் என்பான். அவளுக்கு முகம் கோணும். அம்சவேணி கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மனசுக்குள் மட்டும், அடியே, பக்கத்தில் நிற்கிறானே, நீ கேட்டதும் பதில் சொல்கிறானே, அவன் பார்த்தால் என்ன பார்க்காவிட்டால் என்ன என்று சொல்லிக்கொள்வாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. ஒரு கேள்வியைக் கேட்டு அதற்கான பதிலை அந்த நிமிஷமே வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அதுகளுக்குத் தெரியாது. கடையில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவன் சாப்பாட்டு இடைவேளையில் சாப்டியா என்று அனுப்புவான். இவள் கடை முடிந்து லாக்கரைத் திறந்து, பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில் நின்று, சாப்டேன் நீங்க என்று அனுப்புவாள். அப்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் மிஷினில் நிற்பான். மறுநாள் பார்த்துவிட்டு ம் என்று போடுவான். ஒரு சாப்பாடு சாப்பிட்டாயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இவர்களுக்கு ஒரு நாள் ஆகிறது. இந்த லட்சணத்தில் போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. பச்சையம்மா அக்கா தெருவில் நிறுத்தி, தணிகைக்கு வீக்கம் வத்திடுச்சா, உப்புத் தண்ணி கொப்புளிக்கிறாரா என்று கேட்டாள். என்ன வீக்கம் என்று இவள் கேட்டாள். பல்லு புடுங்கினாரேடி என்றாள் அக்கா. கடைவாய்ப் பல் பிடுங்கி நாலு நாள் ஆகியிருக்கிறது, கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாது, எதிர்வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஆமாக்கா, பரவாயில்லக்கா என்று சமாளித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவன் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள். கன்னம் லேசாக உப்பித்தான் இருந்தது. அன்றைக்கு அழுதாள். அவன் சொல்லாததற்காக இல்லை, சொல்ல அவனுக்கு நேரமே வாய்த்திருக்காது என்று அவளுக்கே தெரிந்ததால்தான் அழுதாள்.

அவன் முழித்திருக்கிற முகத்தைவிடத் தூங்குகிற முகத்தைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், தூக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் புட்டுப் புட்டு வைப்பாள். படுத்ததும் இரண்டு பெருமூச்சு விடுவான். அப்புறம் வாய் கொஞ்சம் திறக்கும். அப்புறம் கை. அந்தக் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவனைப் பற்றி ஒன்றும் சொன்ன மாதிரி ஆகாது. அவன் நிற்பது பிரஸ் மிஷினில், கார் கதவுக்கு உள்ளே போகிற தகடுகளை அடிக்கிற மிஷின். அதில் இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற பாரம் இறங்கும். ஒரு கையால் அமுக்கினால் அசையாது, ஏன் என்றால் இன்னொரு கை உள்ளே மாட்டிக்கொண்டுவிடுமாம். நாள் முழுக்க அமுக்கி அமுக்கி அது அவன் உடம்பில் ஏறிவிட்டது. தூக்கம் ஆழமாகப் போனதும் இரண்டு உள்ளங்கையும் மெத்தையை அமுக்க ஆரம்பிக்கும். ஒரு அமுக்கு, கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடி ஒரு அமுக்கு. ஒருக்களித்துப் படுத்து ஒரு கை தலைக்கடியில் மாட்டியிருந்தாலும் அதை உருவி எடுத்துக்கொண்டு வந்து இரண்டையும் சேர்த்துத்தான் அமுக்குவான். புதுசில் இதைப் பார்த்து வலிப்பு என்று பயந்து, அவனை உலுக்கி எழுப்பி, தண்ணீர் குடுத்து, அமர்க்களம் பண்ணினாள். அவன் விழித்து, கேட்டுவிட்டு, கட்டிலே குலுங்கச் சிரித்தான். தூக்கத்துலயும் புரொடக்‌ஷன் ஓடுது பாரு, கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா மெத்தைக்குக் கீழயே ஒரு மிஷினைப் போட்டுடுவான் என்றான். அப்புறம் கொஞ்ச நாள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு கையை அமுக்கி அமுக்கிக் காட்டி அவளைக் கேலி பண்ணுவான். அது ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை, பழசாகத் தெரியும், அவ்வளவுதான். இப்போதும் அவன் படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே அது ஆரம்பித்திருந்தது. இவள் பக்கம் திரும்பின முதுகு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கத்திலிருந்து எட்டி வந்த இன்னொரு கை. அமுக்கு. சும்மா. அமுக்கு.

எழுப்பினால் என்ன ஆகும். முதலில் திடுக்கென்று எழுந்து, பஸ் வந்துடுச்சா என்பான். அதுதான் எப்போதும் முதல் வார்த்தை. இல்லை என்றால், மணி என்ன என்பான். அப்புறம் என்ன சொல்வது. டாக்டர் சொன்ன நாள் என்று சொல்லவா. கூச்சம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அது பெண்டாட்டி புருஷனிடம் சொல்கிற வார்த்தையா, ஏதோ ரேஷன் கடையில் அரிசி போடுகிறான் வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி. காலையில் கடைத்தெருவில் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கி, இலையில் சுற்றி, ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பூவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவனே புரிந்துகொள்வான். ஆனால் பூ வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மனுஷன் தூங்குவதைப் பார்ப்பதாவது, நினைத்தாலே அசிங்கமாக இருக்கிறது. பூ உள்ளேயே இருக்கட்டும். சரி, அப்படியே எழுந்து, அப்படியே எல்லாம் சரியாக நடந்து, அவன் பஸ் ஏறிவிட்டான் என்றே வைத்துக்கொள். இரண்டு ஷிஃப்ட் தூக்கம் பாக்கியோடு ஏறுவான். அங்கே அந்தப் பிரஸ் இருக்கிறது. இதில் வந்துதான் அவள் யோசனை ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது, நகர மாட்டேன் என்கிறது. கம்பெனியில் அவன் லைனிலேயே இருந்த திருமலை என்கிறவரை ஒரு காதுகுத்தில் பார்த்தாள். சாம்பார் வாளியை இடது கையில் பிடித்துக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தார். என்ன இவர், இடது கையால் பரிமாறுகிறாரே என்று நினைத்துத் தலையைத் தூக்கினாள். வலது கையில் இரண்டு விரல்தான் இருந்தது. பட்டன் இரண்டையும் அமுக்கினால்தான் இறங்கும் என்றால் எப்படிப் போகும் விரல் என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். வேகம் வேணும்னு யாராவது ஒரு பட்டனைக் கட்டி வச்சிடுவாங்க, தூக்கக் கலக்கத்துல கை உள்ள போயிடும் என்று தணிகைவேல் சொன்னான். சொல்லிவிட்டு, நான் கட்ட மாட்டேன், பயப்படாத என்றான். பயப்படாதே என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா. அன்றிலிருந்து அவன் தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைந்தால் அவளுக்கு ஒரு விரல் குறைகிற மாதிரி இருக்கிறது. பிள்ளை வேண்டும், அவன் விரலும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அப்படித்தான் ஆகிவிட்டது.

போன மாதமும் இதே மாதிரி ஒரு புதன்கிழமைதான் அமைந்தது. அப்போது யோசிக்காமல் எழுப்பிவிட்டாள். அவனும் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி. கையைப் பிடித்தான். கையில் மிஷின் எண்ணெய் வாசனை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாசனை, அவளுக்கு அது பிடிக்கும், அதை அவனிடம் சொன்னது கிடையாது. அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லைதான், அலுத்த உடம்பு கட்டளைக்குப் படியுமா. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. விடுங்க, படுங்க என்றாள். அவன் படுக்கவில்லை. கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, மன்னிச்சிரு வேணி என்றான். மிதித்துவிட்டால்கூட, இடித்துவிட்டால்கூட, ஒரு நாளும் அந்த வார்த்தை அவன் வாயில் வந்தது கிடையாது. பல்லைப் பிடுங்கினதைச் சொல்லாததற்குக்கூட அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, ஹி ஹி என்று இளித்தான், அதுதான் அவன்.  எதுக்கு இப்டிலாம் பேசறீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.  மறுநாள் சொல்லலாம் என்றால் மறுநாள் அவன் வரும்போது இவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் சொல்லலாம் என்றால் அந்த வார்த்தைக்கு அப்போது இடமே இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முந்தாநாள் நீங்க மன்னிச்சிருன்னு சொன்னீங்களே என்று ஆரம்பிக்க முடியுமா. அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது, அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் அவள் பதில் சொல்லவில்லை.

வெளியே மேகம் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும், ஜன்னல் திரைக்குக் கீழே ஒரு கீற்று வெயில் வந்து தரையில் விழுந்து, கொஞ்ச நேரத்திலேயே கட்டில் கால்வரைக்கும் நகர்ந்துவிட்டது. வெயில் வந்தால் துண்டு காயும். துண்டு காய்ந்தால் எழுப்பலாம், அது தெருச் சட்டம், இவளாகச் செய்ததாக ஆகாது. அம்சவேணிக்கு அந்த யோசனை வந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவு நேரமாக இவளே முடிவெடுக்க வேண்டும் என்று கிடந்து அல்லாடினாளே, துண்டு என்று ஒன்று அங்கே தொங்கிக்கொண்டிருப்பது எப்படி மறந்துபோனது. போய்த் தொட்டுப் பார்ப்பது. ஈரமாக இருந்தால் விட்டுவிடுவது, அவன் தூங்கட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். காய்ந்திருந்தால் எடுத்துக்கொண்டு வந்து, ஏங்க என்று கூப்பிடுவது. அது மட்டும் இல்லை, கூப்பிட்டு முதலில் டாக்டர் பேச்சை எடுக்கக் கூடாது, முதலில் அந்த மன்னிச்சிருவுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். நீங்க எதுக்குங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும், எனக்கு நீங்க பக்கத்துல முழிச்சிட்டு உக்காந்திருந்தாலே போதும். இவ்வளவுதான். அப்புறம் பிள்ளை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். ஸ்டூல் தரையில் உரசாமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாளெல்லாம் கடையில் நின்று நின்று வீங்கின குதிகால் இன்றைக்கு உட்கார்ந்து உட்கார்ந்தே வலித்தது. வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்து தாழ்ப்பாளைத் தொட்டாள். துண்டு காய்ந்திருந்தது. ஓரத்தில், தையல் மடிப்பில் மட்டும் கொஞ்சம் ஈரம், அதை ஈரம் என்று சொல்லக் கூடாது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள். திறந்து, பூவை எடுத்து, சில்லென்று இருந்ததை அப்படியே தலையில் வைத்துக்கொண்டாள். அசிங்கமாக ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடியில் பார்க்கவில்லை, பார்த்தால் மறுபடி யோசனை வந்துவிடும் என்று நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

ஏங்க என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கை அமுக்கவில்லை. ஒரு கை தலைக்கடியில், இன்னொன்று இடுப்போரம், அசையாமல் கிடந்தது. சரி, ஒரு அமுக்குக்கும் இன்னொரு அமுக்குக்கும் நடுவில் இருக்கும் என்று காத்தாள். அமுக்கவில்லை. வாயைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள், வாய் மூடியிருந்தது. தூங்குகிற வாய் திறந்திருக்கும் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். இமைகள் மூடியிருந்தன, ஆனால் இறுக்கமாக மூடியிருந்தன, கண்ணில் சோப்பு விழுந்த பிள்ளை மூடுகிற மாதிரி. மூச்சு மட்டும் நிதானமாக, ரொம்ப நிதானமாக வந்துபோனது. எப்போதிலிருந்து. அவள் ஸ்டூலை விட்டு எழுந்தபோதா, அதற்கும் முன்னாலிருந்தா. கை அமுக்குவதைக் கடைசியாக எப்போது பார்த்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தாள், மனசு காதுகுத்தில் இருந்தபோதோ ஆஸ்பத்திரிப் படியில் இருந்தபோதோ கண் இங்கே இருந்ததா என்றே தெரியவில்லை. அப்படியானால் அவளும் முழித்துக்கொண்டு, அவனும் முழித்துக்கொண்டு, ஒரே அறையில், இத்தனை நேரம். அவனுக்கும் தெரியும் இன்றைக்குப் புதன்கிழமை என்று. டாக்டர் சொன்ன அன்றைக்கு ராத்திரியே போனில் அவனுக்கு எழுதி அனுப்பினாள், அவனும் ம் என்று போட்டிருந்தான். தெரிந்துதான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். போன மாதம் மாதிரி ஆகிவிடும் என்ற பயம். பெண்டாட்டியைப் பார்த்துப் புருஷனுக்குப் பயம். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. கை நீட்டினால் தோள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தொட்டு, நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவன் ஒளிந்துகொள்ள இருக்கிற ஒரே இடத்தையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். அப்புறம் அவன் எங்கே போவான்.

துண்டை எடுத்ததுதான் எடுத்தாள், அது தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா. வாசலில் பச்சையம்மா அக்காவின் குரல், அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்த மாதிரி தாராளமாகக் கேட்டது.

"இன்னாடி வேணி, எழுந்துட்டாரா? அரைக் கிலோ உளுந்து ஊறப்போட்டு வச்சிருக்கேன், கிரைண்டரைப் போட்டுக்கட்டுமா?"

அம்சவேணி கட்டிலைப் பார்த்தாள். முதுகு அசையவில்லை, மூச்சு ஒரு கணம் நின்று அப்புறம் போனது. அவள் வாசலுக்கு வந்து நின்றாள். அக்கா முதலில் அவள் தோளில் இருந்த துண்டைப் பார்த்தாள், அப்புறம் தலையில் இருந்த பூவைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஏதோ புரிந்த மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் போனாள். இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

"இல்லக்கா, தூங்கறாரு." உள்ளே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "நேத்தும் இன்னைக்கும் சேத்து நின்னுட்டு வந்திருக்காரு. நல்லா தூங்கறாரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுக்கறீங்களா?"

"நீ துண்டை எடுத்துட்டியேன்னு பாத்தேன்."

"காத்துல விழுந்துடுச்சுக்கா."

காற்றே இல்லை, முருங்கை இலைகூட ஆடவில்லை, அது அக்காவுக்கும் தெரியும். அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். போகும்போது தன் வீட்டுக் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அம்சவேணி வாசல் குழாயைச் சன்னமாகத் திறந்து, துண்டைக் காட்டி முழுக்க நனைத்தாள். பிழிந்து, உதறாமல், தாழ்ப்பாளில் போட்டாள். தலையில் இருந்த பூவை எடுக்கலாமா என்று நினைத்து, எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். இனி இது எப்போது காய்வது, வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பஸ் வருகிறவரைக்கும் ஈரமாகத்தான் இருக்கும். அப்புறம் அவன் தானாக எழுந்த மாதிரி எழுந்து, மணி என்ன என்பான். இவளும் சொல்லுவாள். நல்லா தூங்கினீங்களா என்று கேட்பாள், ம் என்பான். அடுத்த மாதம் டாக்டர் சொல்கிற நாள் எந்தக் கிழமையில் வருமோ.

உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இப்போது மெத்தை லேசாக அசைந்தது. தூங்கறாரு என்று அவள் சொன்னது கேட்டிருக்கிறது, அதைப் பொய்யாக்கக் கூடாது என்று நினைத்தானோ, அவளுக்காகத்தான் நினைத்தானோ, இடுப்போரம் கிடந்த கை மெதுவாக மெத்தையை அமுக்கியது. கொஞ்சம் சும்மா இருந்தது. மறுபடி அமுக்கியது. இன்னொரு கை தலைக்கடியிலேயே இருந்தது, அதை எடுக்க அவன் மறந்துவிட்டான். ஒரு கையால் அமுக்கினால் இறங்காது என்று அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் அந்த ஒரு கையையே பார்த்துக்கொண்டு, தொடாமல், பஸ் வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.